வீட்டுக் குளத்திலும் சேற்றுப் பாத்தியிலும் கோரையும் புல்லும் வளர்ப்பது எப்படி

அல்லியும் தாமரையும் தண்ணீர் மேல் படர்ந்து கிடக்கும். குளத்துக்கு உயரமும் அசைவும் தருபவை ஓரத்தில் நிற்கிற கோரைகளும் புற்களும்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் சத்தை அவை உறிஞ்சிக்கொள்வதால் பாசிக்குப் போகும் பங்கு குறைகிறது. மீனுக்கு நிழலும் தும்பிக்கு உட்கார இடமும் கிடைக்கின்றன. நம் ஊர் வெயில் இவற்றுக்குப் பிடித்த வெயில். இருந்தும் பல வீடுகளில் முதல் வருஷமே ஏமாற்றம் வருகிறது. செடியைத் தப்பான ஆழத்தில் இறக்கிவிடுவார்கள், இல்லையென்றால் கட்டுப்பாடில்லாமல் பரவ விட்டுவிடுவார்கள். இந்த இரண்டையும் சரியாகப் பார்த்துக்கொண்டால் மற்ற வேலையெல்லாம் சுலபம். கீழே உள்ள அளவுகள் தமிழ்நாட்டின் சமவெளிக்குப் பொருந்துபவை. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குச் செடித் தேர்வே வேறு.

எந்தச் செடி, எத்தனை அங்குலத் தண்ணீர்

இங்கே ஆழம் என்று சொல்வது தொட்டி மண்ணின் மேற்பரப்பிலிருந்து நீர்மட்டம் வரை உள்ள உயரம். குளத்தின் ஆழம் 2 அடியா 3 அடியா என்பது செடிக்குப் பொருட்டில்லை. அதன் தூர் மேல் எத்தனை அங்குலத் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் கணக்கு.

முதல் முறை வைப்பவர்களுக்கு அம்ப்ரெல்லா பாம் என்று நர்சரியில் விற்கும் குடைக்கோரை. பெயரில் பாம் இருந்தாலும் இது கோரை இனம். தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள், கீழ்ப்பகுதியில் மூன்று முனை தட்டுப்படும். நுனியில் குடைக்கம்பிபோல் இலைகள் விரியும். 3 முதல் 5 அடி வரை வளரும். ஈர மண்ணிலிருந்து 6 அங்குலத் தண்ணீர் வரை எதிலும் நிற்கும். 2 முதல் 4 அங்குலம் இருந்தால் நன்றாகத் தூர் கட்டும்.

பேப்பிரஸ் இதன் பெரிய உறவு. பழைய எகிப்தில் காகிதம் செய்த அதே கோரை. தண்டு 6 முதல் 10 அடி வரை போகும், தலையில் பச்சை நூல் கற்றைபோல் தொங்கும். 4 முதல் 8 அங்குலத் தண்ணீர் வேண்டும், காற்று அதிகம் அடிக்காத மூலை வேண்டும். 8 அடிக்குக் குறைந்த நீளமுள்ள குளத்தில் இதை வைத்தால் குளம் தெரியாது, பேப்பிரஸ் மட்டும்தான் தெரியும். அந்த இடத்துக்குக் குட்டை பேப்பிரஸ் பொருத்தம்: 2 அடி உயரம், 1 முதல் 3 அங்குலத் தண்ணீர்.

ஸ்டார் கிராஸ் என்ற பெயரில் கிடைக்கும் வெள்ளை நட்சத்திரக் கோரைக்கு ஒன்றரை அடிக்கு மேல் உயரம் வராது. நுனியில் வெள்ளை இலைகள் நட்சத்திரமாக விரிந்து பல நாள் வாடாமல் நிற்கும். தண்ணீர் 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சேற்றுப் பாத்தியின் முன்வரிசைக்கு இதைவிட அழகான செடி நமக்குச் சுலபமாகக் கிடைப்பதில்லை.

வசம்பு உண்மையில் புல்லும் இல்லை, கோரையும் இல்லை. ஆனால் வாள்போன்ற இலைகள் புல்லின் தோற்றத்தையே தரும், கசக்கினால் மணக்கும். அரை நிழலையும் தாங்குவதால் மரத்தடிக் குளத்துக்கு நல்ல தேர்வு. 0 முதல் 4 அங்குலம் போதும்.

வெட்டிவேரைப் பலரும் மேட்டு நிலப் பயிர் என்றே நினைக்கிறார்கள். வெள்ளத்திலும் சேற்றிலும் தயங்காமல் நிற்கும் புல் இது. தென்னிந்தியாவில் பயிராகும் வகைகள் விதையால் பரவுவதில்லை, கிழங்கு ஓடி அடுத்த செடியை நெருக்குவதுமில்லை. சேற்றுப் பாத்தியின் பின்வரிசையில் 1 அடி இடைவெளியில் வைத்தால் 5 அடிக்கு மேல் பச்சைச் சுவர் கிடைக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை 1 அடி உயரத்துக்கு வெட்டிவிட்டால் அடர்த்தி குறையாது.

சம்பு வேண்டுமா என்பதை நன்றாக யோசியுங்கள். பழுப்பு நிறக் கதிர் அழகுதான். ஆனால் அதன் கிழங்கு நுனி ஊசியாக இருக்கும், பிளாஸ்டிக் விரிப்பைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும். ஒரு கதிரில் லட்சத்துக்கு மேல் விதை, பஞ்சோடு பறக்கும். ஷீட் விரித்த குளத்தில் சம்புவை நேரடியாக மண்ணில் வைக்கவே கூடாது. ஓட்டையில்லாத கனமான சிமெண்ட் தொட்டியில் வைத்து, கதிர் பஞ்சாக உடையும் முன் வெட்டிவிட முடியுமென்றால் வையுங்கள். நாணலுக்கும் கொறுக்கைக்கும் இதே எச்சரிக்கை. அவை ஏரிக்கரைக்கும் வாய்க்கால் கரைக்கும் உரியவை, வீட்டுக் குளத்துக்கு அல்ல.

நர்சரியில் அலங்காரப் புல் என்று கேட்டால் ஊதா நிற ஃபவுண்டன் கிராஸையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு வடிகால் கட்டாயம், சேற்றில் வைத்தால் வேர் அழுகிவிடும். கரை மேட்டில், தண்ணீர் தேங்காத இடத்தில் வையுங்கள்.

குளத்தில் படி அமைத்தல்

8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 5, 6 மணி நேரமாவது வெயில் விழும் இடம் வேண்டும். சுற்றிலும் அல்லது ஒரு பக்கமாவது, நீர்மட்டத்திலிருந்து 10 அங்குலம் கீழே, 14 அங்குல அகலத்தில் ஒரு படி விட்டு வெட்டுங்கள். 8 அங்குல உயரத் தொட்டியை அந்தப் படியில் வைத்தால் செடி மேல் 2 அங்குலத் தண்ணீர் நிற்கும். அதற்கு மேல் ஆழம் வேண்டிய பேப்பிரஸுக்கு மட்டும் ஒரு மூலையில் படியை இன்னும் 4 அங்குலம் தாழ்த்தினால் சரி. படியின் விளிம்பு உள்பக்கம் சரியாமல், சற்றே கரையை நோக்கிச் சாய்ந்திருக்கட்டும், தொட்டி வழுக்காது.

கரை நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று தண்ணீர் நிரப்பிய டியூப் வைத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் 2 அங்குலம் இறங்கியிருந்தால் எல்லாத் தொட்டிக் கணக்கும் தப்பும், ஷீட்டும் வெளியே தெரியும்.

ஷீட் அளவு: நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கும் இன்னொரு 2 அடியும் கூட்டுங்கள். அகலத்துக்கும் அப்படியே. இந்தக் குளத்துக்கு 14 × 11 அடி. படி விடுவதால் இந்த அளவு மாறாது. அசோலா தொட்டிக்குப் போடும் சில்பாலின் என்ற பிளாஸ்டிக் தார்ப்பாய் மலிவு, ஆனால் வெயில் படும் விளிம்பு சில வருஷத்தில் நொறுங்கும். கையில் பணம் இருந்தால் 1 மி.மீ. ஈபிடிஎம் ரப்பர் ஷீட் போடுவது நல்லது. எதைப் போட்டாலும் அடியில் கல், வேர் முனைகளைப் பொறுக்கிவிட்டு, 2 அங்குலம் சலித்த மணலும் அதன்மேல் பழைய சாக்கும் விரித்த பிறகே போடுங்கள்.

சிமெண்ட் குளமென்றால் அவசரம் கூடாது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் பிஎச், அதாவது கார அளவு, ஏறும். வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டு ஒரு வாரம் ஊறவைத்து, வடித்து, மறுபடி நிரப்பி, மூன்று முறையாவது இப்படிச் செய்யுங்கள். பிஎச் காகிதத்தில் 8.5-க்குக் கீழே வந்த பிறகு செடியும் மீனும் விடலாம்.

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் 2 அடித் தண்ணீரும் ஆபத்துதான். வேலியோ, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கம்பி வலையோ போடாமல் குளத்தை நிரப்ப வேண்டாம்.

தொட்டியும் மண்ணும்

ஆழமான தொட்டியைவிட அகலமான பேசின் நல்லது. 14 அங்குல அகலம், 8 அங்குல உயரம் குடைக்கோரைக்குப் போதும். ஒல்லியான தொட்டியில் 4 அடிச் செடி நின்றால் ஐப்பசிக் காற்றில் முதலில் சாய்வது அதுதான். அடியில் ஓட்டை தேவையில்லை. ஓட்டையுள்ள தொட்டி இருந்தால் உள்ளே பருத்தித் துணி விரித்துக்கொள்ளுங்கள், மண் கரைந்து வெளியேறாது.

மண் மூன்றில் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு ஏரி வண்டல் அல்லது களிமண். மொட்டை மாடித் தோட்டத்துக் கலவையைத் தூக்கி இதில் போடக் கூடாது. தேங்காய் நார்க்கழிவும் பெர்லைட்டும் மிதந்து குளம் முழுக்கப் பரவும். சாணமும் தொழு உரமும் தண்ணீருக்கடியில் காற்றில்லாமல் அழுகி, அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். அந்த வாயு வேரையும் மீனையும் ஒருசேரப் பாதிக்கும். உரம் வேண்டுமென்றால் தொட்டியின் அடியில் ஒரு கைப்பிடி எலும்புத்தூள், அதோடு மெதுவாகக் கரையும் உருண்டை உரம் 15 கிராம், செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டி வைத்து அதன்மேல் மண் போடுங்கள். பிறகு 4 மாதத்துக்கு ஒரு முறை 10 கிராம் பொட்டலத்தை 4 அங்குல ஆழத்தில் விரலால் அழுத்திவிட்டால் போதும். 19:19:19 போல உடனே கரையும் உரத்தைக் குளத்தில் போட்டால் அதைச் சாப்பிடுவது பாசி.

நடுவதும் இறக்குவதும்

மாசி, பங்குனியும் ஆடி, ஆவணியும் நடுவதற்கு நல்ல மாதங்கள். கத்திரி வெயிலிலும் அடைமழையிலும் தூரைப் பிரிக்க வேண்டாம்.

பழைய தூரைத் தொட்டியோடு வெளியே எடுத்து, மண்ணைக் கழுவி, கூரான கத்தியால் பிளக்கவும். ஒவ்வொரு துண்டிலும் மூன்று தண்டும் ஒரு புதுக் குருத்தும் இருக்க வேண்டும். தூரின் நடுப்பகுதி பெரும்பாலும் கட்டையாகிக் கிடக்கும், அதை எறிந்துவிட்டு ஓரத் துண்டுகளையே எடுங்கள். வேரை 3 அங்குலமாகக் கத்தரித்து, குருத்து மண் மட்டத்தில் தெரியும்படி நடுங்கள். குருத்தைப் புதைப்பது பலரும் செய்யும் தப்பு. மேலே 1 அங்குலத்துக்குக் கழுவிய பொடி ஜல்லி போட்டால் மீன் மண்ணைக் கிளறாது.

உடனே குளத்தில் இறக்க வேண்டாம். பக்கெட்டில் வைத்துக் காற்றுக்குமிழி நிற்கும்வரை ஊறவிடுங்கள். பிறகு படியில் நன்கு வெந்த செங்கல்லை அடுக்கி, மண்ணுக்கு மேல் அரை அங்குலம் மட்டும் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். இரண்டு வாரம் கழித்துப் புதுக்குருத்து 4 அங்குலம் எழும்பியதும் செங்கல்லை எடுத்துவிட்டால் செடி தன் ஆழத்துக்கு இறங்கும்.

இப்படிப் படிப்படியாக இறக்குவதற்குக் காரணம் உண்டு. சேற்றில் காற்று கிடையாது. இலையிலும் தண்டிலும் உள்ள காற்றுக் குழல் வழியாகத்தான் கோரையின் வேருக்கு மூச்சு போகிறது. தண்டை ஒடித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சுபோல் வெண்மையாக இருப்பது அதுதான். புதிதாகப் பிளந்த செடியில் அந்த வழி இன்னும் சீராகவில்லை. அந்த நேரத்தில் 6 அங்குலத்தில் அமுக்கினால் வேர் மூச்சுத் திணறி அழுகும். வெட்டும்போதும் இதை மறக்க வேண்டாம்: காய்ந்த தண்டுகளை நீர்மட்டத்துக்கு 3, 4 அங்குலம் மேலேயே வெட்டுங்கள். தூர் முழுவதையும் தண்ணீருக்குள் வெட்டினால் குழல் வழியே தண்ணீர் ஏறிக் கிழங்கு அழுகிவிடும். சம்புவை ஒழிக்க இதே உத்தியைத்தான் கையாளுகிறார்கள்.

குடைக்கோரையைப் பெருக்கத் தூரைப் பிளக்கவே தேவையில்லை. முற்றிய, ஆனால் பழுக்காத குடை ஒன்றை 2 அங்குலத் தண்டோடு வெட்டுங்கள். குடையிலைகளை 1 அங்குலம் விட்டுச் சுற்றிலும் கத்தரித்து, தலைகீழாக, குடை தண்ணீருக்குள்ளும் தண்டு மேலேயும் இருக்கும்படி ஒரு கிண்ணத்தில் மிதக்கவிடுங்கள். வெளிச்சமுள்ள நிழலில் வைத்து மூன்று நாளுக்கொரு முறை தண்ணீர் மாற்றவும். இரண்டு மூன்று வாரத்தில் இலைக்கணுக்களிலிருந்து வெள்ளை வேரும் மேல்நோக்கி வளையும் பச்சைக் குருத்தும் வரும். வேர் ஒரு அங்குலம் ஆனதும் சேற்றில் நடலாம். குட்டை பேப்பிரஸும் இப்படி வரும். பெரிய பேப்பிரஸுக்குக் கிழங்கைப் பிரிப்பதே நம்பகமான வழி.

சேற்றுப் பாத்தி

குளத்தை ஒட்டியே பாத்தி அமைத்தாலும் இரண்டுக்கும் ஷீட் தனித்தனியாக இருக்கட்டும். குளத்து ஷீட்டின் விளிம்பைத் தாண்டி மண் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மண் குளத்துத் தண்ணீரை இழுத்து வெளியே விட்டுவிடும். ஓட்டையே இல்லாமல் குளம் வற்றுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். விளிம்பை 2 அங்குலம் செங்குத்தாக நிறுத்தி, கல் அடுக்கி மறைத்துவிடுங்கள்.

பாத்தி 6 × 3 அடி, ஆழம் 18 அங்குலம். பழைய சில்பாலின் போதும். மண் மட்டத்திலிருந்து 6 அங்குலம் கீழே, சுவர்ப் பக்கங்களில் மட்டும், அடிக்கு ஒன்றாகப் பென்சில் கனத்துக்குத் துளை போடுங்கள். அடியில் துளை வேண்டாம். கீழ் 12 அங்குலத்தில் நீர் நிற்கும், மழையில் மிகுதி வடிந்துவிடும். வேர் மேலே மூச்சுவிடும், கீழே குடிக்கும்.

அடியில் 2 அங்குலம் ஜல்லி பரப்பி, அதில் 1 அங்குல பிவிசி பைப் ஒன்றை நீளவாக்கில் படுக்கவையுங்கள். 6 அங்குலத்துக்கு ஒன்றாக 5 மி.மீ. துளை, ஒரு முனையில் எண்ட் கேப், மறுமுனையில் எல்போ வைத்து மண்ணுக்கு மேல் 4 அங்குலம் நீட்டிவிடுங்கள். தண்ணீரை இந்த வாய் வழியாக விட்டால் அடியிலிருந்து ஊறி வரும், மேல்மண் இறுகாது. கோடையில் மேலே தெளிப்பதைவிட இதில் தண்ணீர் மிச்சம்.

மண் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு வண்டல், ஒரு பங்கு நன்கு மக்கிய இலை உரம். குளத்தில் ஆகாத மக்கு இங்கே ஆகும், மேல்மண்ணில் காற்று இருக்கிறது. பின்னே வெட்டிவேர், நடுவே குடைக்கோரையும் வசம்பும், முன்னே ஸ்டார் கிராஸ். இடைவெளியில் வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் விட்டால் மண் மூடிக்கொள்ளும், சமையலுக்கும் ஆகும். குடைக்கோரையை இங்கேயும் அடி வெட்டிய பக்கெட்டில் புதைத்தே வையுங்கள். இல்லையென்றால் இரண்டாவது வருஷம் ஸ்டார் கிராஸ் காணாமல் போகும்.

ஈரம் சரியா என்று பார்க்கக் கட்டைவிரலால் மண்ணை அழுத்துங்கள். விரலைச் சுற்றித் தண்ணீர் கசிந்து, விரலை எடுத்ததும் மறைய வேண்டும். பள்ளத்தில் தேங்கி நின்றால் ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறக்கும். பக்கத்துத் துளைகள் அடைத்திருக்கின்றனவா பாருங்கள்.

கோடையும் மழையும்

சித்திரை, வைகாசியில் குளத்திலிருந்து ஒரு நாளைக்கு 6 முதல் 8 மி.மீ. ஆவியாகும். நம் 8 × 5 அடிக் குளத்தில் அது ஏறக்குறைய 26 லிட்டர், இரண்டு குடம். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் நீர்மட்டம் 2 அங்குலம் இறங்கியிருக்கும், 2 அங்குல ஆழத்தில் வைத்த செடி தரையில் நிற்கும். நீர்மட்டம் இறங்கினால் தானே திறந்து நிரப்பும் ஃப்ளோட் வால்வு ஒன்று வைத்துவிடுவது நல்லது. மாநகராட்சித் தண்ணீரானால் முதல் முறை நிரப்பும்போது குளோரின் போக ஒரு நாள் வெயிலில் விட்ட பிறகு மீன் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகைக்கு முன் கரைக்கு 2 அங்குலம் கீழே வழிந்தோடும் குழாய் வைத்து, அதன் வாயில் வலை கட்டுங்கள். உயரமான செடிகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டால் காற்றுக்குச் சாயாது. வெட்டும்போது கையுறை போடுங்கள், இலை விளிம்பு கையைக் கிழிக்கும்.

கொசுவுக்குக் கப்பி மீன் பத்து விட்டால் போதும். அவையே பெருகிக்கொள்ளும்.

என்ன கெடுகிறது, ஏன்

இலை நுனி மட்டும் காய்ந்தால் போர்த் தண்ணீரின் உப்பு. ஆவியாகி ஆவியாகி உப்பு கூடிக்கொண்டே போகும். மழைநீரைக் குளத்துக்குத் திருப்பிவிடுவதுதான் உண்மையான மருந்து. புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் கடினத் தண்ணீரில் இரும்புச்சத்து கிடைக்கவில்லை. தொட்டியை வெளியே எடுத்து, லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட்டும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து இலையில் தெளித்து, மறுநாள் திரும்ப வையுங்கள்.

தண்டு மெலிந்து சாய்ந்தால் வெயில் போதவில்லை. தொட்டி பிதுங்கி, செடி வளராமல் நின்றால் தூரைப் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது. குடைக்கோரைக்கு இது இரண்டு வருஷத்துக்கொரு முறை வரும். தண்ணீர் பச்சையாக மாறினால் முழுவதையும் மாற்ற வேண்டாம். புதுத் தண்ணீரில் பாசி முதலிலிருந்து தொடங்கும். செடிகளும் அல்லி இலைகளும் நீர்ப்பரப்பில் பாதியை மூடட்டும், உரத்தை நிறுத்துங்கள், சில வாரத்தில் தெளியும்.

அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், விழுவதை மீன் தின்றுவிடும். குளத்தில் பூச்சிமருந்து எதுவும் அடிக்கக் கூடாது. செயற்கைப் பைரித்ராய்டு மருந்து மீனுக்குக் கொடிய விஷம், வேப்பெண்ணெயும் பாதுகாப்பானதல்ல.

நீர்மட்டம் தினமும் ஒரு அங்குலம் இறங்கினால் அது ஆவியல்ல. முதலில் கரை மண் எங்காவது ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பு தாழ்ந்த இடம் அகப்படும். ஈரம் இல்லையென்றால் தண்ணீரை நிரப்பாமல் விடுங்கள், இறங்கி ஒரு மட்டத்தில் நின்றுவிடும். ஓட்டை அந்த மட்டத்தில் எங்கோ இருக்கிறது, சுற்றிலும் விரலால் தடவித் தேடுங்கள்.

பிரித்து மிஞ்சிய தூரையும் வெட்டிய குடைகளையும் வாய்க்காலிலோ ஏரியிலோ போடவே கூடாது. ஆகாயத்தாமரை நம் ஏரிகளை என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். குடைக்கோரையின் ஒரு தலை போதும், மிதந்துபோய் ஒதுங்கிய இடத்தில் வேர்விடும். மொட்டை மாடியில் பரப்பி, ஒடித்தால் முறியும் அளவுக்குக் காயவைத்த பிறகு மக்குக் குழியில் போடுங்கள்.